மகள் ஜாஸ் ட்ரம்ஸ் படிக்கப் போகிறாளாம்: பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

மார்க்கம்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் பெரும்பாலும் கச்சேரி விமர்சனமும் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்கிற கதையும்தான் போகிறது. என் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் இப்போது கிரேட் 12. சின்ன வயதிலிருந்தே மிருதங்கம் படித்தவள், போன வருடம் அரங்கேற்றமும் முடித்தாள். இடையில் பள்ளிக்கூடத்து ஜாஸ் பாண்டில் ட்ரம்ஸ் அடித்த பையன் வேறு ஊருக்குப் போய்விட, மியூசிக் டீச்சர் இவளைக் கொண்டுபோய் அந்த இடத்தில் இருத்தினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இப்போது விண்ணப்பிக்கிற எல்லா இடத்துக்கும் ஜாஸ் ட்ரம்ஸ்தான். "ஒன்றையாவது மாற்றிப் போடு பிள்ளை" என்று தாய் சொல்லிப் பார்த்துவிட்டார்.

நாங்கள் தடுக்கிற ஆட்கள் இல்லை. ஆனால் எங்களுக்கு ஜாஸ் என்றால் ஹோட்டல் லிஃப்டில் கேட்கிற சங்கதி. நாலு வருடம் அப்படி என்னத்தைப் படிப்பிப்பார்கள்? இத்தனை காலம் படித்த மிருதங்கம் அங்கே உதவுமா, இல்லை எல்லாவற்றையும் மறந்துவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டுமா? இரவில் பார்களில் போய் வாசித்தால்தான் படிப்பு முழுமையாகும் என்கிறாள், அதைக் கேட்டதிலிருந்து மனைவிக்கு நித்திரை இல்லை. படித்து முடித்தவர்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். "விட்டுவிடச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுத வருகிறவர்களுக்கு முற்கூட்டியே நன்றி. அதை என் அண்ணன் தினமும் ஃபோனில் சொல்கிறார்.

ஸ்காபரோ_செல்வன்

அண்ணை, நீங்கள் எழுத வேண்டாம் என்று சொன்னதைத்தான் நானும் எழுத வந்தேன். கணக்கியல் படித்துக்கொண்டு சனி ஞாயிறில் ட்ரம்ஸ் அடிக்கலாம். ட்ரம்ஸ் படித்துக்கொண்டு சனி ஞாயிறில் கணக்கியல் பார்க்க ஏலாது. கோவிக்க வேண்டாம்.

இணுவில்_பெடியன்

அண்ணா, நான் அந்தப் பாதையால் போய் வந்தவன். முதலில் மிருதங்கம், பிறகு ட்ரம்ஸ், பிறகு ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் ஜாஸ். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே இருந்த சில விஷயங்களைக் கொஞ்சம் மனம்விட்டு எழுதப் போகிறேன். நீளமாகத்தான் வரும். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாருங்கள்.

என்ன படிப்பிக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழமைக்கு ஒருமுறை உங்கள் வாத்தியத்தில் தனி வகுப்பு. கொம்போ என்று ஒன்று: ஐந்தாறு மாணவர்கள், ஒரு ஆசிரியர், ஒரு அறை, வாசித்துக்கொண்டே இருப்பது. பிக் பாண்ட் என்றால் பதினேழு பதினெட்டுப் பேர் நோட்ஸ் பார்த்து வாசிப்பது. இவற்றோடு காதுப் பயிற்சி, ஹார்மொனி, வரலாறு. வருட முடிவில் மூன்று நாலு ஆசிரியர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும், அதற்கு ஜூரி என்று பெயர், பயப்பட ஏற்ற பெயர்தான். அதோடு ட்ரம்ஸ்காரருக்கும் பியானோ கட்டாயம். மகளுக்கு முதல் அடி அங்கேதான் விழும். ஒரு கோர்ட் (பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது) வரிசையைப் பார்த்தவுடன் இரண்டு கையாலும் பியானோவில் வாசிக்க வேண்டும். மிருதங்கப் பிள்ளைகளுக்குச் சுருதி சேர்க்கத் தெரியும், ராகம் கேட்டால் ஓரளவு பிடிபடும், ஆனால் நாலு ஸ்வரத்தை ஒரே நேரத்தில் கேட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல யாரும் எங்களைப் பழக்கவில்லை. ஜாஸில் டோரியன் என்று ஒரு ஸ்வர வரிசையைச் சொல்வார்கள், ஸ்வரங்களைப் பார்த்தால் நம்முடைய கரகரப்பிரியா. அட, தெரிந்ததுதானே என்று இருக்கும். தெரிந்தது ஸ்வரம் மட்டும்தான், அதற்குக் கீழே நகர்கிற கோர்ட் இல்லை. கிரேட் 12 முடிய முதல் ஒரு பியானோ டீச்சரைப் பிடித்துவிடுங்கள். இந்தப் பதிவில் வேறொன்றையும் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைச் செய்யுங்கள்.

இனி மிருதங்கம். வீணே இல்லை. ஆனால் அது உதவுகிற இடம் நீங்கள் நினைக்கிற இடமாக இருக்காது.

எல்லோரும் சொல்வது கணக்கு உதவும் என்று. உண்மை, முதல் இரண்டு மாதத்துக்கு. ஐந்து, ஏழு என்று மற்றப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும்போது உங்கள் மகள் சிரித்துக்கொண்டு இருப்பாள். பிறகு ட்ரேடிங் ஃபோர்ஸ் வரும். நாலு பார் சாக்ஸபோன், நாலு பார் ட்ரம்ஸ் என்று மாறி மாறி வாசிப்பது. இந்தப் பார் குடிக்கிற பார் இல்லை, நாலு அடி சேர்ந்த ஒரு அளவு. ஒருநாள் கொம்போவில் எனக்கு அப்படி நாலு பார் வந்தது. பதினாறு அடி, சதுஸ்ரத்தில், அதாவது அடிக்கு நாலாக, 64 மாத்திரை. மிருதங்கம் படித்தவன் கை சும்மா இருக்குமா? பதினெட்டு பதினெட்டாக மூன்று, இடையில் ஐந்து ஐந்தாக இரண்டு கார்வை (இடைவெளி), கூட்டினால் 64. வாசித்து முடித்தேன், அச்சொட்டாகச் சமத்தில், சுற்றின் முதல் அடியில், வந்து இறங்கியது. சாக்ஸ்காரி உள்ளே வரவில்லை. பாஸ் வாத்தியக்காரன் ஒரு பார் முந்தி வந்துவிட்டான். பியானோக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தான். ஆசிரியர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கணக்குச் சரி என்று நம்புகிறேன். பாட்டில் எந்த இடத்தில் நின்றாய்?" மூன்றாவது எட்டின் முதல் பாதி என்றேன், அதுவும் சரிதான். "அப்படியென்றால் அதை எங்களுக்கும் கேட்க வை" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் கச்சேரியில் ஆதி தாளம் என்றால் பாடுகிறவர் கையில் போட்டுக்கொண்டிருப்பார், சபையில் பாதிப் பேர் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கே நிற்கிறோம் என்று தடுமாறினால் நிமிர்ந்து பார்த்தால் போதும். ஜாஸில் யாரும் கை போடமாட்டார்கள். பழைய பாட்டுகளில் கனக்க 32 பார் கொண்டவை. எட்டு பாருக்கு ஒரு மெட்டு, அதே மெட்டு இன்னொரு தரம், பிறகு வேறு எட்டு, திரும்ப முதல் மெட்டு. மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு ஆளுக்கு ஆள் தனியாகக் கற்பனையில் போகும்போதும் அந்தச் சுற்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ட்ரம்ஸ்காரர் தனி வாசிக்க மற்றவர்கள் கையை எடுத்துவிட்டாலும் ஓடும், எல்லோர் தலைக்குள்ளும். அதனால் ட்ரம்ஸ்காரர் பாட்டைத் தெரிந்திருக்க வேண்டும். தாளத்தை அல்ல, பாட்டை. மாக்ஸ் ரோச் என்ற ட்ரம்ஸ்காரர் தனி வாசிக்கிற ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், கூடவே மெட்டை முணுமுணுத்துக்கொண்டு போகலாம். என் ஆசிரியர் எனக்குக் கொடுத்த வீட்டுவேலையே அதுதான்: வாயால் மெட்டைப் பாடிக்கொண்டு கையால் தனி வாசிப்பது. தகதிமி என்று வாயால் கொன்னக்கோல் சொல்லிக்கொண்டு வாசிக்கப் பழகின எனக்கு, சொல்லை விட்டு மெட்டைப் பிடிக்கச் செமஸ்டர் முழுக்கப் போனது.

அப்போ மிருதங்கத்தில் உதவியது எது? சர்வலகு. சும்மா நடை போட்டுக்கொண்டு போவது. பாடகர் நிரவலில் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, அவரை இடிக்காமல், தூங்கவும் விடாமல், கூடப் போவது. அரங்கேற்றத்துக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணும்போது இதைத்தான் நாங்கள் கடைசியில் வைக்கிறோம். தனி ஆவர்த்தனத்துக்குக் கணக்குப் போட்டு அமைத்த கோர்வை மேல் கோர்வையாகப் பாடமாக்குவோம், கிருதிக்கு வாசிப்பதை மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். ஜாஸ் ட்ரம்ஸ் நூற்றுக்குத் தொண்ணூறு சர்வலகுதான். உங்கள் மகளின் குரு கிருதிகளுக்கு வாசிக்க வைத்து வளர்த்தவர் என்றால் அவளுக்குப் பெரிய முதல் கையில் இருக்கிறது.

ஸ்விங் பற்றியும் ஒரு வார்த்தை. ரைட் (ride) சிம்பல் என்று நடை போடுகிற பெரிய தட்டு, அதில் டிங், டிங்-க-டிங் என்று ஒரு நடை. முதலில் கேட்டால் திஸ்ரம் (அடிக்கு மூன்று) மாதிரி இருக்கும், மூன்றில் நடுவிலுள்ளதை விட்டுவிட்ட மாதிரி. திஸ்ரமாகவே வைத்து வாசித்தால் காய்ந்த பனைமட்டையில் தட்டுகிற மாதிரிக் கேட்கும். பாட்டு வேகமாகப் போகப்போக அந்தச் சின்னத் தட்டு நகர்ந்து கிட்டத்தட்டச் சரிபாதிக்கு வந்துவிடும், மெதுவானால் பின்னுக்கு ஒதுங்கும், அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. ட்ரம்ஸ்காரர் எல்வின் ஜோன்ஸ் வைக்கிற இடத்தில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ் வைப்பதில்லை. இதை எழுதி வைக்க முடியாது. ஒலிப்பதிவைப் போட்டு அதோடு சேர்ந்து, உங்கள் சிம்பல் சத்தம் தனியாகக் கேட்காமல் போகும்வரை வாசிப்பதுதான் வழி.

பிரஷும் அப்படித்தான். மெல்லிய கம்பிக் கற்றை, ஸ்னெயர் என்கிற சின்ன ட்ரம்மின் சொரசொரப்பான தோலில் இடது கை வட்டமாகத் தடவிக்கொண்டே இருக்கும், வலது கை தட்டும். வட்டம் ஒரு கணம் நின்றாலும் ஒலி அறுந்துபோகும். நாங்கள் அடித்து ஒலி எடுத்துப் பழகினவர்கள், இது தேய்த்து எடுப்பது. மிருதங்கத்தின் இடது பக்கத்தில், தொப்பியில், கும்கி கொடுக்க மணிக்கட்டை அழுத்தித் தள்ளுவோமே, அந்தப் பழக்கம் எனக்கு இங்கே கை கொடுத்தது. பிரஷுக்கு எட் திக்பனைக் கேட்கச் சொல்லுங்கள். ஜாஸ் பியானோக்காரர் ஒஸ்கார் பீற்றர்சனோடு 1959இலிருந்து 1965 வரை வாசித்தவர். பீற்றர்சன் மொன்றியலில் பிறந்தவர், நம்முடைய மிசிசாகாவில் இருந்தவர். 1960இல் இவர்கள் குழுவாகச் சேர்ந்து ரொறன்ரோவிலேயே ஒரு ஜாஸ் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், கச்சேரிப் பயணங்களுக்கு நடுவே கொண்டு இழுக்க முடியாமல் சில வருடத்தில் மூடிவிட்டார்கள். அதாவது, இந்த ஊரில் இதைப் படிப்பது நேற்று வந்த மோகம் இல்லை என்று உங்கள் அண்ணனுக்குச் சொல்லலாம்.

மிருதங்கமும் அப்படியே. மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் 1971இல் இங்கே யோர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கர்நாடக சங்கீதம் பாடிய அமெரிக்கர் ஜோன் ஹிக்கின்ஸோடு சேர்ந்து அங்கே தென்னிந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். இங்குள்ள வெள்ளைக்கார ட்ரம்ஸ்காரர்கள் எத்தனையோ பேர் அவரிடம் கொன்னக்கோல் படித்தவர்கள். என் ட்ரம்ஸ் ஆசிரியருக்கு என்னைவிட நன்றாகத் தகதிமி சொல்ல வந்தது, அதைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வருட முடிவுக் கச்சேரிக்கு ஒரு ஆசிரியர் ஒவ்வொரு முறையும் "ஏதாவது இந்தியன் மாதிரிப் போடு" என்று கேட்பார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், அங்கே நான் வாசிக்கப் போனது ஜாஸ். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார், ஆனால் மற்றப் பிள்ளைகளிடம் யாரும் அவர்கள் அம்மம்மாவின் ஊர்ப் பாட்டைக் கேட்கவில்லை. உங்கள் மகளுக்கும் இது வரும். அவளே விரும்பி மிருதங்கத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வேறு கதை. அதற்கு ராஜ்னா சுவாமிநாதனைப் பார்க்கச் சொல்லுங்கள், உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் படித்தவர், ஜாஸ் கலைஞர்களோடு வாசிக்கிறவர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் படித்த அதே ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கிற விஜய் ஐயர் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு ஜாஸ் பியானோவுக்கு வந்த தமிழ்ப் பிள்ளை. தாய்க்கு இந்தப் பெயர்கள் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

வரலாற்று வகுப்பு எனக்குப் பிடித்த வகுப்பு. அமெரிக்காவில் முதன்முதலாக ஜாஸுக்குப் பட்டப்படிப்பு வைத்தது டெக்சஸில், டென்டன் என்ற ஊரில், 1947இல். ஜாஸ் என்ற சொல் மரியாதையாக இல்லை என்று டான்ஸ் பாண்ட் என்று பெயர் வைத்தார்களாம். அந்த நேரத்தில் அந்தக் கல்லூரியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதே இல்லை. யாருடைய சங்கீதமோ அவர்கள் வாசலுக்கு வெளியே, பாடத்திட்டம் மட்டும் உள்ளே. என் வகுப்பிலும் கறுப்பினப் பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். இணுவிலில் தவில்காரர் வீடுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு இது புதுக்கதையாகத் தெரியவில்லை. கோயில் வீதியில் விடிய விடிய நின்று வாசித்தவர்களுக்கும், அதே கணக்கை மண்டபத்தில் இருந்து வாசித்து விருது வாங்கியவர்களுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாதா? சரி, அதற்கு வேறு திரி வேண்டும்.

இரவு பார்களில் வாசிப்பது, வேலை பற்றிப் பிறகு எழுதுகிறேன், இன்றைக்கு வகுப்பு இருக்கிறது.

மார்க்கம்_அப்பா

தம்பி, உங்கள் பதிவை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுவாள், கேட்டால் விளங்கும். 64க்கான கோர்வையைக் கேட்டதும் மேசையில் போட்டுப் பார்த்தாள். பிறகு "அந்த டீச்சர் சொன்னதும் சரிதான் அப்பா" என்றாள். பியானோ டீச்சர் விசாரிக்கத் தொடங்கிவிட்டோம். சேர்க்கிறதுக்கு முதல் வாசிக்க வைத்துப் பார்க்கிற ஒடிஷனுக்கு என்ன கேட்பார்கள்? மனைவி கேட்கச் சொன்னது: இரவு வேலைகள் எப்படி, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்கள்?

மொன்றியல்_வாணி

நான் மொன்றியலில் ஜாஸ் பியானோ படித்தவள், மனைவியின் கேள்விக்கு நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்குச் சொல்லுங்கள், பார் என்றால் படத்தில் வருகிற பார் இல்லை. இங்கே மக்கே வீதியில் அப்ஸ்டெயர்ஸ் என்று ஒரு இடம், மாடி என்று பெயர், இருப்பதோ நிலத்துக்குக் கீழே. சாப்பாட்டு மேசைகள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள், பக்கத்து மேசையில் கதைத்தால் திரும்பிப் பார்ப்பார்கள். ரொறன்ரோவில் குயின் வீதி மேற்கில் ரெக்ஸ் இருக்கிறது, ஒருநாள் குடும்பமாகப் போய் இருந்து பாருங்கள், பயம் போய்விடும். மாணவர்கள் போவது பெரும்பாலும் ஜாம் செஷனுக்கு. பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், கூப்பிட்டால் இரண்டு பாட்டு. ஒன்ராரியோவில் 19 வயதுக்குக் கீழே குடிவகை கொடுக்கமாட்டார்கள், உள்ளே விடுவது இடத்துக்கு இடம் வேறு. எங்கள் பழக்கம், கொம்போவில் இருந்தவர்கள் சேர்ந்து போவது, சேர்ந்து வருவது. அம்மா முதல் வருடம் முழுக்க முழித்துக்கொண்டிருந்தார், இரண்டாம் வருடம் குறட்டை.

இரவைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது பகல். புது ஆட்கள் என்னைக் கண்டதும் "நீங்கள் பாடுவீர்களா?" என்பார்கள். பியானோ என்றால் "ஓ" என்று ஒரு இழுவை. ட்ரம்ஸ் வாசிக்கிற பெண்ணுக்கு அந்த "ஓ" இன்னும் நீளம். வாசிக்கத் தொடங்கினால் அடங்கிவிடும், ஆனால் ஒவ்வொரு புது அறையிலும் திரும்பத் தொடங்கும். என் வகுப்பில் வாத்தியம் வாசித்த பெண்கள் இருவர்தான், அதனால் நாங்கள் இருவரும் விருப்பம் இருக்கோ இல்லையோ சிநேகிதிகள். டெரி லின் காரிங்டன் என்ற ட்ரம்ஸ் கலைஞர் 2018இல் பொஸ்ரனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் இந்தப் பிரச்சினைக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். மகள் அவருடைய வாசிப்பைக் கேட்கட்டும். வாசிப்புக்காகவே கேட்கட்டும். விண்ணப்பிக்கிற இடங்களில் மூத்த வகுப்புப் பெண்கள் யாராவது இருந்தால் நேரே கதைத்துப் பாருங்கள், இணையத்தளத்தில் இருக்கிற படத்தை நம்ப வேண்டாம்.

வகுப்பறை_8

உயர்நிலைப் பள்ளியில் மியூசிக் படிப்பிக்கிறேன். வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள், ஒரு சின்னத் தகவல். ஒன்ராரியோவில் ஆசிரியர் படிப்பை 2015இல் இரண்டு வருடமாக்கினார்கள். கிரேட் 7இலிருந்து 12 வரை படிப்பிக்க இரண்டு பாடம் காட்ட வேண்டும், சங்கீதம் ஒன்று, இன்னொன்று வேறு. ஜாஸ் படிக்கும்போதே இரண்டாவது பாடத்துக்கான கோர்ஸ்களை எடுத்து வைத்தால் பிறகு ஓட வேண்டியதில்லை. என்னோடு படித்த சிலர் நாலு வருடம் முடித்துவிட்டு அதற்காகத் திரும்ப வகுப்பில் போய் இருந்தார்கள். வேண்டாவெறுப்பாக ஆசிரியர் ஆகவும் வேண்டாம், அப்படி வந்தவர்களைப் பிள்ளைகள் முதல் கிழமையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இணுவில்_பெடியன்

வாணி அக்கா எழுதியதற்குப் பிறகு இரவு பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று: பெரும்பாலான கிளப்புகளில் ட்ரம்ஸ் அங்கேயே இருக்கும், நாங்கள் சிம்பல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் போதும். கடைசி ரயிலில் அந்தப் பையோடு கெனடி வரைக்கும் நின்று வந்து தோள்பட்டை நொந்த நாட்கள் உண்டு, வேறு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆபத்து இருக்கிறது என்றால் காதுக்கு. பயிற்சி அறைகள் சின்னவை, கீழ்த்தளத்தில் இருக்கும், சிம்பல் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். காதுக்கு அளவெடுத்துச் செய்கிற ப்ளக் ஓடியோலஜிஸ்டிடம் கிடைக்கும், விலைதான், முதல் நாளிலிருந்து போடச் சொல்லுங்கள். என் நண்பன் ஒருவனுக்கு இப்போதே காதுக்குள் இரைச்சல் நிற்பதில்லை.

ஒடிஷன் இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக நடுத்தர வேகத்தில் ஒரு ஸ்விங், பிரஷில் ஒரு மெதுவான பாட்டு, பொசனோவா என்கிற பிரேசில் நடையில் ஒன்று, நாலு நாலு பாராக மாற்றி வாசிப்பது, முன்பின் பாராத நோட்ஸை வாசிப்பது, ஸ்னெயரில் அடிப்படைப் பயிற்சிகள். சில இடங்களில் முதலில் வீடியோ கேட்பார்கள். விண்ணப்பம் ஜனவரி நடுப்பகுதிக்கு முன்னால் போக வேண்டும், ஒடிஷனுக்குத் தனிப் பதிவு இருக்கும், அதை மறந்து தவறவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். வேகமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று மகளுக்கு ஆசை வரும், வரட்டும், ஆனால் அறையில் இருப்பவர்கள் பார்ப்பது பாஸ்காரர் வாசிப்பதை இவள் கேட்கிறாளா என்பதைத்தான். பாட்டின் மெட்டைப் பாடச் சொன்னால் பாடத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்று யோசிக்கும்போது பெயரைப் பார்க்காமல் அங்கே ட்ரம்ஸ் படிப்பிப்பவர் யார் என்று பாருங்கள். முதலே எழுதிக் கேட்டால் ஒரு வகுப்பு காசுக்குத் தருவார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

பிழைப்பு. நான் கிழமையில் நாலு நாள் பிள்ளைகளுக்கு ட்ரம்ஸ் படிப்பிக்கிறேன், வாடகை அதிலிருந்து வருகிறது. சனிக்கிழமைகளில் நம் ஆட்களின் கல்யாணங்களில் இசைக்குழுவோடு வாசிக்கிறேன். அது ஜாஸ் கிளப்பைவிடப் பல மடங்கு காசு, சாப்பாடும் உண்டு. ஜாஸ் வாசிப்பது கிழமைக்கு ஒன்றோ இரண்டோ இரவு, வாசலில் வருகிற காசை நாலாகப் பிரித்தால் சில நாட்களில் ஊபருக்குக் காணாது. ஓஸாப் என்கிற அரசாங்க மாணவர் கடன் இன்னும் கட்டுகிறேன். இதை மறைத்து எழுதினால் செல்வன் அண்ணை வந்து திட்டுவார்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்றை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சனி ஞாயிறில் ட்ரம்ஸ் அடிக்கலாம், யாரோடு? என் நாலு வருடத்தில் புத்தகத்தில் இருந்ததை எல்லாம் யூடியூபில் படித்திருக்கலாம். யூடியூபில் கிடைக்காதது, அதே வயதில் அதே பைத்தியம் பிடித்த இருபது பேர், காலையில் எட்டு மணிக்கு அறை பிடித்துக்கொண்டு "வாறியா?" என்று கேட்கிற ஆட்கள். அன்றைக்கு என் கோர்வையில் தொலைந்துபோன பாஸ்காரன்தான் இன்றைக்கும் எனக்கு வேலை வாங்கித் தருகிறான். பட்டத்தைப் பார்த்து யாரும் என்னை வாசிக்கக் கூப்பிட்டது கிடையாது. கூட வாசித்தவர்கள் கூப்பிடுகிறார்கள்.

ஸ்காபரோ_செல்வன்

திட்ட வரவில்லை தம்பி. ஓகஸ்டில் என் மகளின் கல்யாணம், உங்கள் இசைக்குழுவின் நம்பரைத் தனிமடலில் போடுங்கோ.

மார்க்கம்_அப்பா

எல்லோருக்கும் நன்றி. மனைவி ரெக்ஸுக்குப் போகலாம் என்றுவிட்டார், இந்த ஞாயிறு போகிறோம். கடைசியாக ஒன்று. மகள் ஒரு ரைட் சிம்பல் கேட்கிறாள், விலையைப் பார்த்துத் தலை சுற்றியது. பித்தளைத் தட்டுக்கு இவ்வளவா? எதை வாங்குவது?

இணுவில்_பெடியன்

பித்தளை இல்லை அண்ணா, வெண்கலம். செம்பும் வெள்ளீயமும். ஸில்ஜியன் குடும்பம் 1623இல் இஸ்தான்புல்லில் தொடங்கி இன்றைக்கும் அதைத்தான் உருக்குகிறார்கள். அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குச் சண்டை வந்து தம்பி 1981இல் கனடாவில் நியூ பிரன்ஸ்விக்கில் சேபியன் தொடங்கினார், ஆக உள்ளூர்ச் சாமானும் இருக்கிறது. ஜாஸுக்கு 20இலிருந்து 22 அங்குலம், மெல்லியது. கம்பனிப் பெயரைப் பார்த்து ஓன்லைனில் வாங்கவே வேண்டாம், ஒரே கம்பனி, ஒரே மொடல், இரண்டு சிம்பல் இரண்டு விதமாகப் பேசும். மகளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவளுடைய குச்சியையே கொண்டு போகட்டும். மெதுவாக வாசித்தால் குச்சி படுகிற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், பின்னால் இரைச்சல் பொங்கி அதை மூடக்கூடாது. பழைய சிம்பல் வாங்கலாம், பலர் அதைத்தான் விரும்புவார்கள், விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், நடு ஓட்டையும் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கக் கூடாது. கடைக்குப் போகிற அன்று எழுதுங்கள், எனக்கு வகுப்பு இல்லாவிட்டால் நானும் வருகிறேன்.